கல்லச்சும் சிராங்கூன் சாலைத் தெய்வப் படங்களும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் அதையொட்டிய கேம்பல் லேனிலும் பூஜைப் பொருள் விற்கும் கடைகளிலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுந்தருளியிருக்கும் முருகனையும் லக்ஷ்மியையும் காண்பவர், அவர்களுடைய பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தால், சிவகாசியோடு நின்றுவிட இயலாமல் ஜெர்மனியின் பவேரிய நாடுவரை செல்ல நேரும்.

அந்நாட்டு நூரம்பர்க் நகரில் ஆல்பிரெக்ட் டியூரர் 1498-இல் வேதாகமத்தின் இறுதி நூலைப் பதினைந்து மரச்செதுக்குப் படங்களாக அச்சிட்டார். 1519-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் மாதாவுக்குப் புதிதாக ஏற்பட்ட க்ஷேத்திரத்துக்கு யாத்திரிகர் திரண்டபோது, ஆல்ட்டார்ஃபர் என்ற ஓவியர் அம்மாதாவின் திருவுருவைப் பல வண்ணக் கட்டைகளால் அச்சிட்டு அளித்தார். சந்நிதியை விட்டு அகலாத தெய்வ உருவம், இவ்வாறு காகிதத்தில் ஏறி யாத்திரிகனோடு வீடு சென்றது.

நூரம்பர்க்குக்குத் தெற்கேயுள்ள சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டே, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், செனஃபெல்டர் என்பவர் மியூனிக்கில் 1796-ஐ ஒட்டிக் கல்லச்சு முறையைக் கண்டார். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பே இதற்கு ஆதாரம். வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களால் ஒரே தாளில் மாறிமாறி அச்சிடும் வித்தை பின்னர் வளர்ந்தது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகம், ஜெர்மானிய இயந்திரங்களையும் தொழில்வல்லாரையும் கொண்டே இவ்வித்தையைக் கையாண்டது. கடன் சுமையால் அது ஷ்லைகர் என்னும் ஜெர்மானியர் கைக்கே போய்ச் சேர்ந்ததும் விதியின் விளையாட்டுப் போலும்.

சிங்கப்பூருக்கு இதனால் நேர்ந்தது யாது? 1827-இல் மாரியம்மன் கோயிலும், 1859-இல் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயிலும் இந்நகரில் எழுந்துவிட்டன. ஆதலால் கோயில் இல்லாக் குறையைப் படம் நீக்கிற்று என்பது பொருந்தாது. ஆயினும், கப்பலேறி வந்த கூலித் தொழிலாளருள் பலர், தம் சொந்த ஊர்ப் பெருங்கோயிலுக்குள் காலெடுத்து வைக்கும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தினர் என்பதை மறத்தலாகாது. மதுரை மீனாட்சி சந்நிதியே அவர்களுக்கு 1939-இல்தான் திறந்தது. அதற்குப் பல்லாண்டு முன்னரே சில காசுகளுக்குக் கிடைத்த வண்ணப் படம், குருக்களும் கருவறையும் இடைநில்லாத தரிசனத்தை அவர்களுக்கு வழங்கியது என்று கொள்வதே என் துணிபு. குங்குமப் பொட்டும் பூச்சரமும் தீபாராதனையும் ஏற்ற அக்கணமே, அச்சுத்தாள் விக்கிரகத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பிறகு இவ்வரலாற்றின் மையம் கோவில்பட்டிக்கு மாறியது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கி, பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டைய ராஜு (1898–1976), குழு கலைந்த பின் அவ்வூரிலேயே தங்கித் தம் சீடர்களோடு தெய்வப் படங்களை எழுதலானார். ரவிவர்மாவின் மாந்தர் பெரும்பாலும் தம் கதைக்குள்ளேயே ஆழ்ந்திருக்க, இவருடைய தெய்வங்களோ நாடக மேடையில் திரை விலகியதும் தோன்றும் பாத்திரங்களைப்போல் மலையும் பொய்கையும் பின்னே விரிய நம்மையே நேர்நோக்குகின்றன. வழிபடுவோனுக்கு வேண்டியது அந்நோக்குத்தான். கலை விமர்சகர் இதை மலினமான ரசனை என்று இகழ்ந்தது அவசர முடிவென்றே தோன்றுகிறது. அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் இவ்வோவியங்களை நாட்காட்டிகளாக்கிக் கடல் கடந்தும் அனுப்பின.

1929-இல் பெரியார் மலாயா வந்ததும், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு இதழும் தோன்றியதும் சிங்கப்பூரில் மூடவழக்கங்களுக்கு எதிரான வாதத்தை வளர்த்தன. ஆயினும், கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தத்தின்போது ஸூரிச்சில் 1524-இல் தேவாலயங்களிலிருந்து படிமங்களை அகற்றியதுபோல் இங்கே எவரும் சுவரிலிருந்து படங்களை இறக்கவில்லை. அச்சுத் தொழிலுக்கோ எக்கட்சியும் இல்லை. அச்சீர்திருத்தத்தின் தலைவர் லூதருக்குப் படம் எழுதிய ஓவியர் கிரானாக் கத்தோலிக்கக் கர்தினாலுக்கும் எழுதினார். சிவகாசி அச்சகத்தாரும் பிள்ளையாரையும் வேளாங்கண்ணி மாதாவையும் மக்காப் பள்ளிவாசலையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டி, யார் எதைக் கேட்டாலும் அனுப்பி வைத்தார்கள்.