குரோமோசோம்களைக் கட்டிக் காக்கும் வளையங்கள்

நூற்கண்டைக் கையாண்ட எவருக்கும் ஓர் உண்மை தெரியும். கண்டாகச் சுற்றி வைத்த நூல் எவ்வளவு நீளமானாலும் ஒழுங்காகப் பிரிந்து வரும். அதே நூலைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டால் சிக்கைப் பிரிப்பதற்கே ஒரு நாள் போதாது. நம் உடலின் செல்களிலும் இப்படி ஒரு நூல் இருக்கிறது. டி.என்.ஏ. என்பது அதன் பெயர்.

அதன் அளவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். மனித செல் ஒன்றில் ஏறத்தாழ 600 கோடி கார இணைகள் உள்ளன. அடுத்தடுத்த இரு இணைகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.34 நானோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் நூலின் மொத்த நீளம் சுமார் இரண்டு மீட்டர் என்று வருகிறது. இந்த நூல் அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ 6 மைக்ரோமீட்டர் அளவே. இவை அனைத்தையும் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். உட்கரு ஒரு சாத்துக்குடிப் பழம் அளவாகும். அதனுள் தலைமயிரைவிட மெல்லிய நூல், 46 துண்டுகளாக, மொத்தம் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கும். செல் பிளவுறுமுன் இந்த நூல் முழுவதற்கும் ஒரு நகல் உருவாகிறது. 40 கிலோமீட்டர் நூலில் ஒரு துண்டும் அறாமல், ஒரு துண்டும் இடம் மாறாமல், சரிபாதியாக இரு செல்களுக்கும் பங்கிட்டாக வேண்டும். இவ்வேலை நம் உடலில் இடைவிடாது நடந்து வருகிறது.

நூலைச் சுற்றுவது எது? சிக்கைப் பிரிப்பது எது? இவ்வினாக்களுக்கு விடை காண அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

சாயம் காட்டிய இழைகள்

ஜெர்மனியில் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்தர் ஃபிளெமிங், சலமாந்தர் என்னும் நீர்நில வாழ்வியின் இளம் உயிரிகளைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவற்றின் செல்கள் பெரியவை. ஆகவே நுண்ணோக்கியில் காண்பது எளிது. அந்நாளில் புதிதாகக் கிடைத்த அனிலீன் சாயங்களைச் செல்களில் ஏற்றியபோது உட்கருவில் இருந்த ஒரு பொருள் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்கு அவர் குரோமாட்டின் என்று பெயரிட்டார். செல் பிளவுறும் வேளையில் வலை போன்ற இப்பொருள் குட்டையான தடித்த இழைகளாகத் திரள்வதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரிவதையும் 1882-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். 1888-இல் வால்டையர் என்பவர் இவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வலை கோலாக மாறும் விதம் விளங்கவில்லை.

முதல் சுற்று

1884-இல் அல்பிரெக்ட் கொசெல் வாத்தின் சிவப்பு இரத்த அணுக்களின் உட்கருவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். (பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, நம்முடையவற்றில் இல்லை.) ஹிஸ்டோன் நேர்மின்னேற்றம் மிக்கது, டி.என்.ஏ.யோ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அவை ஒட்டியிருக்கும் ஒழுங்கு தொண்ணூறு ஆண்டுகள் வரை தெரியவில்லை. 1974-இல் அமெரிக்காவில் ஆலின்ஸ் தம்பதியர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் மூலம் குரோமாட்டின் மணிகள் கோத்த நூலைப்போல் இருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ரோஜர் கார்ன்பெர்க் அம்மணியின் அமைப்பை விளக்கினார். எட்டு ஹிஸ்டோன் மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் உருளை, அதன்மேல் டி.என்.ஏ. ஏறத்தாழ இரண்டு சுற்று. இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர்.

புதிர் தீர்ந்துவிட்டதா? இல்லை. நியூக்ளியோசோம்களால் நூல் ஆறேழு மடங்குதான் குறுகும். பிளவுறும் செல்லின் குரோமோசோமிலோ நூல் பல ஆயிரம் மடங்கு குறுகியிருக்கிறது. எஞ்சிய சுருக்கத்தைச் செய்வது எது?

ஒரு படமும் ஒரு வழக்கும்

1977-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால்சன், லெம்லி என்னும் இருவர் துணிச்சலான ஒரு சோதனையைச் செய்தனர். குரோமோசோமிலிருந்து ஹிஸ்டோன்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தனர். சுற்றும் உருளைகள் போய்விட்டால் நூல் தாறுமாறாகச் சிதறிக் கிடக்க வேண்டும் அல்லவா? ஆனால் படத்தில் தெரிந்தது வேறு. நடுவில் குரோமோசோமின் வடிவிலேயே ஒரு சட்டகம் நின்றது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. கண்ணிகள் புறப்பட்டு, ஒளிவட்டம் போல் விரிந்து, மீண்டும் புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கண்ணியிலும் 30,000 முதல் 90,000 வரை கார இணைகள் இருந்தன.

இப்படத்தைப் பலர் வியந்தனர், பலர் நம்பவில்லை. ஹிஸ்டோன்களை நீக்கக் கையாண்ட முறையினாலேயே மற்றப் புரதங்கள் திரண்டு நடுவில் படிந்திருக்கலாம், அப்படிப் படிந்ததைச் சட்டகம் என்பது சரியா என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். அளக்கும் முறையே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். இவ்வழக்குத் தீர வேண்டுமானால் சட்டகத்தில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாக இனங்காண வேண்டியிருந்தது.

மூன்று திசைகளில் ஒரு குடும்பம்

விடை மூன்று திசைகளிலிருந்து வந்தது. தேடியவர்கள் ஒரே பொருளைத் தேடவில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி.

ஜப்பானில் ஹிராகா குழுவினர் டி.என்.ஏ. இல்லாத வெற்றுச் செல்களைப் பெற்றெடுக்கும் பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்தனர். 'உட்கரு அற்ற' என்று பொருள்படும் 'முகாக்கு' என்ற ஜப்பானியச் சொல்லைக் கொண்டே அவற்றின் ஜீன்களுக்கு முக் என்று பெயரிட்டனர். அவற்றுள் முக்பி என்பதன் புரதத்தை 1991-இல் விவரித்தனர். 1993-இல் அமெரிக்காவில் கோஷ்லண்ட் குழுவினர் ஈஸ்ட் செல்லின் உட்கரு சரிவரப் பிளவுறுவதற்கு இன்றியமையாத ஒரு ஜீனைக் கண்டனர். 1994-இல் ஹிரானோ, மிட்சிசன் என்போர் தவளை முட்டையின் சாற்றில் குரோமோசோம்கள் திரள்வதற்குத் தேவையான புரதங்களைப் பிரித்தெடுத்தனர். பாக்டீரியா, ஈஸ்ட், தவளை ஆகிய மூன்றின் புரதங்களும் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. நீண்ட கைபோன்ற தண்டு. அதன் ஒரு முனையில் ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் சிதைத்து ஆற்றல் பெறும் தலை. இக்குடும்பத்துக்கு எஸ்.எம்.சி. புரதங்கள் என்று பெயர். குரோமோசோமின் கட்டமைப்பைப் பராமரிப்பவை என்பது அதன் பொருள்.

அதே 1994-இல், லெம்லியின் சட்டகத்தில் மிகுதியாகக் காணப்பட்ட புரதம் ஒன்றும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்று தெரியவந்தது. மற்றொரு முக்கியப் புரதம் டோப்போஐசோமரேஸ்-2 என்பது 1985-லேயே தெரிந்திருந்தது. சிக்கிய இடத்தில் ஒரு நூலை வெட்டி, மற்றதை அதன் வழியே கடத்தி, வெட்டியதை மீண்டும் ஒட்டும் நொதி அது. ஆகச் சட்டகத்தில் கிடைத்தவை வெறும் படிவுகள் அல்ல. நூலைக் கையாளும் வேலைக்காரர்கள். ஆனால் சட்டகம் என்ற சொல் உணர்த்தும் அசையாத தூணும் அங்கு இல்லை.

பிணைக்கும் வளையம்

1997-இல் இரு எஸ்.எம்.சி. கூட்டமைப்புகளுக்குப் பெயர் கிடைத்தது. நூலைத் திரட்டுவது கண்டென்சின். நகலெடுத்த இரு நூல்களையும் பிரியும் நேரம் வரும்வரை சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின். கோஹீசினை கோஷ்லண்ட் குழுவும் வியன்னாவில் நாஸ்மித் குழுவும் அதே ஆண்டில் தனித்தனியே கண்டறிந்தன. கோஹீசின் ஒரு வளையம்; இரு நூல்களையும் தன்னுள் அடைத்து வைத்திருக்கிறது. பிளவுறும் நேரம் வந்ததும் செப்பரேஸ் என்னும் நொதி வளையத்தின் ஒரு பகுதியை வெட்டுகிறது. நூல்கள் விடுதலை பெற்று இரு பக்கமும் செல்கின்றன.

இவ்வளையம் உரிய காலத்துக்கு முன் தளர்ந்தால் என்ன ஆகும்? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. தாயின் வயது ஏற ஏற, குழந்தைக்கு டவுன் நோய்க்குறி வரும் வாய்ப்பும் ஏறுகிறது என்பதை 1933-இல் பென்ரோஸ் காட்டினார். அக்குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது 1959-இல் தெரிந்தது. வயதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. அவற்றின் குரோமோசோம்களைப் பிணைத்த வளையங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் தாங்க வேண்டியிருக்கிறது. வயதான சுண்டெலிகளின் முட்டைகளில் கோஹீசின் வெகுவாகக் குறைந்திருப்பதை 2010-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மனிதரிலும் முக்கியக் காரணங்களுள் இது ஒன்று என்று அறிஞர் கருதுகின்றனர். இதில் தாயின் தவறு எதுவும் இல்லை என்பதை நம் வீடுகளில் எடுத்துச் சொல்வது நல்லது.

கண்ணியை இழுக்கும் எந்திரம்

கண்டென்சின் நூலைத் திரட்டும் விதம் என்ன? இங்கு இயற்பியலார் வந்து சேர்ந்தனர். கிணற்றில் நீர் இறைப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்க இழுக்க, காலடியில் கயிறு கண்ணியாக வளர்கிறது. எஸ்.எம்.சி. வளையமும் இப்படித் தனக்கு அடுத்துள்ள நூலையே இழுத்துக் கண்ணியாக வளர்க்கக்கூடும் என்று நாஸ்மித் 2001-இல் கருத்துரைத்தார். பின்னர் மார்க்கோ, மிர்னி முதலிய இயற்பியலார் இதைக் கணிப்பொறியில் நடத்திப் பார்த்தனர். வளையங்கள் பக்கத்து நூலை மட்டுமே இழுத்தால் போதும். எந்த நூல் எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று அவை அறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நூலும் தானே தனிக் கோலாகத் திரண்டு, மற்றதிலிருந்து விலகிவிடுகிறது.

கணக்கு சரி, கண்ணால் காண வேண்டாமா? 2018-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் டெக்கர் குழுவினர், ஜெர்மனியின் ஹேரிங் குழுவினருடன் சேர்ந்து அதையும் செய்தனர். டி.என்.ஏ. நூல் ஒன்றின் இரு முனைகளையும் கண்ணாடிப் பரப்பில் ஒட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி, ஈஸ்ட்டின் கண்டென்சினையும் ஏ.டி.பி.யையும் சேர்த்தனர். நூலில் ஒரு புள்ளி தோன்றிக் கண்ணியாக வளர்ந்தது. வேகம் நொடிக்கு 1,500 கார இணைகள் வரை, அதாவது அரை மைக்ரோமீட்டர். நூலைச் சற்று இறுக்கினால் இழுப்பு நின்றுவிடும். அதற்கு ஒரு பிகோநியூட்டனுக்கும் குறைந்த விசை போதும். அடுத்த ஆண்டில் கோஹீசினும் இவ்வாறே கண்ணியை இழுப்பது காணப்பட்டது.

1977-இன் படத்தில் உறைந்து கிடந்த கண்ணிகள், 41 ஆண்டுகளுக்குப் பின் வளர்வதை மனிதக் கண் கண்டது. படத்தை ஐயுற்றவர்கள் ஆய்வுக்குப் பகைவர் அல்லர். அவர்கள் எழுப்பிய கேள்வியே பின்வந்தவர்களைத் தேட வைத்தது. படத்தை எடுத்தவர்கள் கண்ட கண்ணிகளும் மெய்யே. தவறியது 'சட்டகம்' என்ற சொல் தந்த எண்ணம் மட்டுமே. குரோமோசோமைக் கட்டிக் காப்பது நிலையான தூண் அன்று. ஓயாது இழுத்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு வளையங்களின் உழைப்பு. இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் கோடிக்கணக்கான செல்களில் அவ்வுழைப்பு சிக்கின்றி நடந்தேறியிருக்கும்.