வேரோடு பறித்த நாற்று

தஞ்சாவூர்ச் சீமையில் நாற்றுப் பறிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கை கொள்ளும் மட்டும் பிடித்து, வேரோடு பறித்து, சேற்றை அலசி, முடியாகக் கட்டுவார்கள். தாளை மட்டும் கிள்ளிக்கொண்டு வேரை நாற்றங்காலிலேயே விட்டுவிட்டு வந்த ஆளை யாரும் கண்டதில்லை. எது கூட வரும், எங்கே போய் நிற்கும் என்பது பறிக்கிற கைக்கு முன்பே தெரியும்.

எழுத்தை இடம் பெயர்க்கிற காரியத்தில் மட்டும் இந்தத் தெளிவு நமக்கு லேசில் வரவில்லை.

தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகாலில் ஏட்டுச் சுவடிகளைப் பார்க்கலாம். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி ஆசையோடு வளர்த்த நூலகம் அது. ஓலைக்கு எதிரி பூச்சி. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு தகப்பன், உரை பிள்ளை, உரைக்குள் வரும் மேற்கோள் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓலையிலோ புள்ளி கிடையாது, பத்தி கிடையாது; மூன்று தலைமுறையும் ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கும். எழுதினவர் கண்டதைக் கண்டபடிதான் எழுதினார். எழுத்து வந்தது, உறவு வரவில்லை.

அதற்கு விலை கொடுத்தவர் உ. வே. சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானவர், சீவக சிந்தாமணியை அச்சிட்டு முடித்தது 1887-ல். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, மேற்கோள் யாருடையது என்று பிரிப்பதிலேயே எத்தனை இரவுகள் போயிருக்கும்! குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப் பட்டியலில் சில பெயர்கள் ஏடுகளில் விட்டுப்போயிருந்தன. தருமபுர ஆதீனத்துச் சுவடி ஒன்றுதான் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது.

ஓலை போய்க் கணிப்பொறி வந்தது, கேள்வி போகவில்லை. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட், ஒரு கடைச் சாமான் பட்டியலைத் திரையில் தலைப்பும் உட்பிரிவுமாக அடுக்கிக் காட்டினார். 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும், வெட்டி ஒட்டுகிற வேலையை எவரும் செய்யக்கூடியதாக ஆக்கினார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சங்கடம். குறிப்புகளைக் கிளை கிளையாக அடுக்கும் செயலியில் ஒரு தலைப்பை நகலெடுக்கிறோம். மடித்து வைத்த பிள்ளைகளும் கூட வருமா? ஒட்டுகிற இடத்தில் அது தம்பியாக உட்காருமா, பிள்ளையாக உட்காருமா? ஒரு செயலி ஒரு மாதிரி செய்கிறது. இன்னொன்று வேறு மாதிரி. சில செயலிகளில், மடித்திருந்தால் ஒரு நியாயம், விரித்திருந்தால் ஒரு நியாயம்!

எந்த விதி உயர்ந்தது என்று நான் வழக்காட வரவில்லை. தம்பியானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, என்றும் ஒரே விதியாக இருக்கட்டும். அது விசையைத் தட்டுமுன் நமக்குத் தெரிந்திருக்கட்டும். ஏடு எழுதினவரிடம் போய்க் கேட்க ஐயரவர்களுக்கு வழியில்லை. செயலி எழுதுகிறவர்களோ நம்மோடு இருக்கிறார்கள். ஒரு நாள் வரப்பில் வந்து நின்று, நாற்றுப் பறிக்கிற கையை அவர்கள் பார்த்தால் போதும்.