ஒண்டுக்குடித்தனம் வந்த லினக்ஸ்

விண்டோஸ் நிரல் எதைத் திறந்து பார்த்தாலும் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட். டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. லினக்ஸ் நிரலின் தலையில் ஈ, எல், எஃப் என்று இருக்கும். இரண்டும் ஓடுவது ஒரே இன்டெல் சிப்பில்தான். கூட்டலும் கழித்தலும் இரண்டுக்கும் பொது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, இன்னொரு நிரலைத் தொடங்கு என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும் இடத்தில்தான் பேச்சு மாறிவிடுகிறது.

அந்த லினக்ஸ் நிரல் விண்டோஸுக்குள் குடிவந்த கதை இது.

1999-இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் அதற்குத் தனி வீடே கட்டிக் கொடுத்தது. பயாஸ், ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் மென்பொருளால் ஆன போலிகள். வேலை நடந்தது. ஆனால் விருந்தாளிக்கென்று நினைவகத்தில் பெரிய பங்கை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். சின்ன மடிக்கணினி திணறிப்போகும்.

2016-இல் மைக்ரோசாஃப்ட் வேறு வழி பார்த்தது. ஆண்ட்ராய்டு செயலிகளை விண்டோஸ் போனில் ஓட்டத் தொடங்கி, பிறகு கைவிட்ட ஒரு முயற்சியிலிருந்து பிறந்தது டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸ்). இதில் லினக்ஸ் கெர்னலே கிடையாது. நடுவில் ஒரு துபாஷி மட்டும். லினக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸ் கெர்னலுக்குப் புரியும்படி சொல்லி, பதிலை வாங்கித் தரும்.

துபாஷி கெட்டிக்காரர்தான். ஆனால் இந்த ஊர் வழக்கத்திலேயே இல்லாத ஒன்றை எப்படிப் பெயர்ப்பது? லினக்ஸில், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொன்று தாராளமாக அழிக்கலாம். உள்ளே கோப்புகள் திறந்திருக்கும்போதே கோப்புறையின் பெயரை மாற்றலாம். விண்டோஸ் இதற்கெல்லாம் எளிதில் இணங்காது. சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் வேகம் படுத்துவிடும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் எஞ்சின் கேட்கும் கெர்னல் வசதிகளோ அங்கே இல்லவே இல்லை.

மூன்று ஆண்டு உழைப்பை ஓரம் கட்டிவிட்டு 2019 மே மாதத்தில் இரண்டாம் வடிவத்தை அறிவித்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் சொன்னவர் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதே நிறுவனம் உண்மையான லினக்ஸ் கெர்னலை, 4.19 பதிப்பை, தானே தொகுத்து விண்டோஸோடு கொடுத்தது.

இம்முறை தந்தது தனி வீடல்ல, ஒண்டுக்குடித்தனம். மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி எழுப்பிய மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போர்ஷன். பழைய சாதனங்களின் போலிகளைத் தூக்கிச் சுமக்காததால் ஓரிரு நொடியில் விழித்துக்கொள்கிறது. நினைவகத்தைத் தேவைக்கேற்ப வாங்கிக்கொள்ளும். லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் டெபியனும் சேர்ந்தே வந்தாலும் கெர்னல் ஒன்றுதான், ஒரே முற்றத்துக் கிணறு மாதிரி. சுருக்கிய கோப்புத் தொகுப்பைப் பிரிக்கும் வேலை, முதல் வடிவத்தைவிட 20 மடங்கு வரை வேகமானது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. டாக்கரும் ஓடியது.

சுவர் என்றால் அதற்கு விலையும் உண்டு. இந்தப் பக்கத்துக் கோப்பை அந்தப் பக்கம் கேட்டால், பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்துக்காக உருவான 9பி நெறிமுறை வழியாகக் கைமாற்ற வேண்டும். இதில் முதல் வடிவமே வேகம். அதனால் உங்கள் வேலைக் கோப்புகளைச் சி டிரைவில் போடாதீர்கள். லினக்ஸின் சொந்தக் கோப்புறையிலேயே வையுங்கள். இது தெரியாமல் டபிள்யூ.எஸ்.எல். மந்தம் என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர்.

2025 மே மாதம் டபிள்யூ.எஸ்.எல்.லின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் பொதுவில் திறந்து வைத்தது. பழைய துபாஷியான எல்எக்ஸ்கோர் உள்ளிட்ட சில பகுதிகளை மட்டும் அப்போது திறக்கவில்லை. இயங்குதளங்கள் படிக்கும் மாணவர்கள் திறந்ததையாவது ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.