திற்பரப்பு அருவியும் சிவாலய ஓட்டமும்

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம். குமரி மாவட்டம் முன்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் இருந்து காவி வேட்டி கட்டிய பெருங்கூட்டம் ஒன்று குளித்த ஈரத்தோடு வெளியே வந்து ஓட ஆரம்பிக்கும். கையில் பனையோலை விசிறி. கூடவே ஒரு சின்னத் துணிப்பையில் திருநீறும் கொஞ்சம் காசும். காலில் செருப்பு கிடையாது. ஓடுவது சிவன் கோயிலுக்கு, ஆனால் வாயில் வருவதோ "கோவிந்தா... கோபாலா!"

இதுதான் சிவாலய ஓட்டம். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்று 12 கோயில்கள். மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர். ஒரு ராத்திரி, ஒரு பகல், மறுபடி ராத்திரி. அதற்குள் முடித்துவிட வேண்டும்.

காட்டுவழியிலும் மலைவழியிலும் ஓடுவதற்கு இப்போது 'டிரெயில் ரன்னிங்' என்று பெயர். 1974ல் கலிபோர்னியாவில் கார்டி ஐன்ஸ்லீ என்பவர், குதிரைகளுக்காக வைத்திருந்த 100 மைல் மலைப்பந்தயத்தில் குதிரை இல்லாமல் தன் காலாலேயே ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்தார். அந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை மறப்பதில்லை. முன்சிறையில் இருந்து வெறுங்காலோடு அருவிக்கு ஓடுகிறவர்களை அந்த வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை!

ஓட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி விலங்கான அது சிவனைத் தவிர வேறு பெயரைக் கேட்கச் சகிக்காது. கண்ணன் பீமனிடம் 12 ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கத்த, அது துரத்துகிறது. பிடிபடப் போகும்போது பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிவிடுகிறது. மிருகம் நின்று பூஜை செய்கிற நேரத்தில் பீமன் தப்பி ஓடுகிறான். இப்படியே 12 இடம். கடைசி இடமான திருநட்டாலத்தில் அரியும் அரனும் ஒன்று என்று சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்கிறது.

கதைக்குத் தேதி இல்லை. ஆனால் அது எந்த மண்ணில் பிறந்திருக்க முடியும் என்று பார்த்தால் வரலாறு தெரிகிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் இந்தப் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆய் மன்னர்களும் வேணாட்டு அரசர்களும் இரண்டு பக்கத்தையும் ஆதரித்தவர்கள். இரண்டு வீட்டுச் சண்டையைப் பெரியவர்கள் பேசி முடித்த மாதிரிதான் இருக்கிறது இந்தக் கதை.

சமணமும் இங்கே இருந்தது. திக்குறிச்சியில் இருந்து திற்பரப்புக்குப் போகும் பகுதியில்தான் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலை. நான்காவது கோயிலான திருநந்திக்கரையின் பக்கத்தில் ஒரு குடைவரை இருக்கிறது. அங்கே வீரநந்தி அடிகள் என்ற சமண முனிவரின் பெயர் கல்வெட்டில் உண்டு. அதே குடைவரையில் இராஜராஜ சோழனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் உண்டு. தான் பிறந்த ஐப்பசி சதயத்தை விழாவாகக் கொண்டாட முட்டம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி அது. அந்த ஊருக்கு மும்முடிச் சோழநல்லூர் என்று புதுப்பெயரும் வைத்தார்கள். தஞ்சாவூர்க்காரர் பிறந்தநாள் இந்த மலையடிவாரத்தில்!

இனி அருவி. மூன்றாவது கோயில் திற்பரப்பு மகாதேவர் கோயில் கோதையாற்றின் கரையில் இருக்கிறது. ஆறு அகலமான பாறைப் பரப்பில் விரிந்து சுமார் 50 அடி கீழே விழுகிறது. ஓடி வந்தவர்கள் ராத்திரியில் அந்த ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு கோயிலுக்குள் போவார்கள். மாசி மாதத்தில் மழைக்கால ஆர்ப்பாட்டம் இருக்காது. மேலே 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீரைத் தேக்கி வைப்பது அதுதான். அணைக்கும் மேலே உள்ள காடுகள் 2008ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் வருகின்றன. சுமார் 402 சதுர கிலோமீட்டர், புலியும் உண்டு. ஓடுகிறவர்கள் அந்தக் காட்டுக்குள் போவதில்லை, அதன் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள்.

இந்த ஓட்டத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ள முடிந்ததா? இல்லை. கல்குளமும் விளவங்கோடும் அன்றைக்குத் திருவிதாங்கூரின் தாலுகாக்கள். இங்கே வாழ்ந்த மக்களில் பெரும்பகுதியினருக்குக் கோயிலுக்குள் நுழையவே உரிமை கிடையாது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926ல் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது. எல்லாச் சாதிக்காரரும் ஒரே கூட்டமாக 12 சன்னதிக்குள்ளும் போவது அதற்குப் பின் வந்த காட்சி. ஓட்டத்தின் பழமையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தத் தேதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வழியும் மாறிவிட்டது. திற்பரப்பு, குலசேகரம் பக்கமெல்லாம் இப்போது ரப்பர் தோட்டம். மாசிக்கு முன்னால் இலை உதிர்க்கிற மரம் அது. மண் பாதைகள் தார் ரோடாகிவிட்டன. ராத்திரி ஓடும்போது பரவாயில்லை, மறுநாள் உச்சி வெயிலில் கல்குளம் பக்கம் அந்தத் தாரில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தெரியும். பைக்கிலும் வேனிலும் 12 கோயிலையும் சுற்றிவிடுகிறவர்கள் இப்போது ஏராளம். வயதானவர்களுக்கு அது வசதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது வயதுப் பையன்கள் பைக்கில் உட்கார்ந்துகொண்டு "கோவிந்தா, கோபாலா" என்று கத்துவதை ஓட்டம் என்று எப்படிச் சொல்வது? துரத்துகிற புருஷாமிருகத்துக்கே சிரிப்பு வந்துவிடும்.

இன்னும் காலால் ஓடுகிறவர்களுக்காக வழியோர ஊர்க்காரர்கள் சுக்கு நீரும் மோரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு, விசிறியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் திருநந்திக்கரைப் பக்கம் திரும்புகிறார்கள். இன்னும் ஒன்பது கோயில் பாக்கி.