கையால் மூச்சு கொடுத்தவர்கள் - கோபன்ஹேகன், 1952

ஐ.சி.யூ. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மெஷின்கள்தான். பீப் பீப் என்று சத்தம் போடும் மானிட்டர், வென்டிலேட்டர், உடம்பெல்லாம் ஒயர். ஆனால் இன்றைய ஐ.சி.யூ.வுக்கு வழி போட்ட வார்டில் மெஷினே போதாமல் இருந்தது. போதாததால்தான் அந்த யோசனையே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

1952-ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் என்பார்களே, அதேதான். கால் முடங்குவதோடு நிற்காமல், சிலருக்கு மூச்சு விடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்துவிடும். நகரத்தின் தொற்றுநோய் ஆஸ்பத்திரியான பிளெக்டாமில் ஜூலை முதல் டிசம்பர் வரை 2,722 பேர் சேர்க்கப்பட்டார்கள். சில நாட்களில் ஒரே நாளில் 50 பேர் வரை வந்தார்கள். மூச்சுக்கு உதவி தேவைப்பட்டவர்கள் 316 பேர்.

ஆஸ்பத்திரியிடம் இருந்ததோ ஒரே ஒரு 'இரும்பு நுரையீரல்'. ஆளையே கழுத்து வரை உள்ளே படுக்க வைக்கும் பெரிய உருளை அது. கூடவே மார்பின் மேல் கவிழ்க்கும் சிறிய கருவிகள் 6. முதல் மூன்று வாரங்களில் இவற்றில் வைத்துப் பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், உடன் வேலை பார்த்த பியோர்னபோ என்பவரின் யோசனைப்படி, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்தார். தொற்றுநோய் வார்டில் மயக்க டாக்டருக்கு என்ன வேலை? அந்தக் காலத்தில் அவர்கள் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஆனால் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்துவிட்டு, ரப்பர் பையை அமுக்கி நோயாளிக்குக் காற்று செலுத்துவது அவர்களுக்குத் தினசரி வேலை. போலியோ நோயாளியின் நிலையும் அதுதானே என்று இப்சன் யோசித்தார். இரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததை மற்றவர்கள் வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். இப்சனோ, கரியமில வாயு வெளியேறாமல் தேங்குகிறது, இவர்கள் மூச்சுப் போதாமல்தான் சாகிறார்கள் என்றார்.

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் சோதித்துப் பார்த்தார்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தபின் அவள் திமிறினாள். காற்று உள்ளே போகவில்லை. நம்பிக்கை இழந்து, பார்க்க வந்திருந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். திமிறல் அடங்கியது, பையை அமுக்கினார், நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. பிழைத்துக்கொண்டாள்.

சரி, வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை யார் அமுக்குவது? ஒரு நோயாளிக்கு இரவும் பகலும் நிற்காமல், மாதக்கணக்கில்! உச்சகட்டத்தில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு இப்படி மூச்சு தேவைப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 280 பேர் வேண்டும். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள், பிறகு பல் மருத்துவ மாணவர்களையும். சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் பை அமுக்கினார்கள். (பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழிக்கவே நமக்கு டீ வேண்டியிருக்கிறது.)

கழுத்தில் குழாய் இருப்பதால் நோயாளியால் பேச முடியாது. காற்று போதுமா, அதிகமா என்பதை அவர் கண்ணையும் முகத்தையும் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். படுத்திருந்தவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். மாணவர்கள் கதை படித்துக் காட்டியிருக்கிறார்கள். மாணவர்களுக்குக் கிடைத்த புகழ் நர்ஸ்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பையை அமுக்குவது ஒரு வேலை. சளியை உறிஞ்சி எடுப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, குழாய் வழியே ஆகாரம் கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அனுபவமில்லாத மாணவனையும் கவனிப்பது - இதெல்லாம் அவர்கள் தலையில்தான்.

இறப்பு விகிதம் 87 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 1953 டிசம்பரில் இப்சன் அதே நகரத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியில், 24 மணி நேரமும் ஆள் இருக்கும் தனி வார்டு ஒன்றைத் தொடங்கினார். முதல் ஐ.சி.யூ. என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது எல்லா நாடும் வென்டிலேட்டர் எண்ணிக்கையைத்தான் பேசின. ஆனால் மெஷினை வாங்கிவிடலாம், அதன் பக்கத்தில் நிற்கத் தெரிந்த நர்ஸை ஒரு மாதத்தில் உருவாக்க முடியாது. பிரிட்டனில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் வழக்கம். அந்த வருடம், மற்ற வார்டு நர்ஸ்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற ஒருவர் 6 நோயாளிகள் வரை பார்க்கலாம் என்று தளர்த்தினார்கள். கோபன்ஹேகனில் மெஷின் குறைவு, ஆட்கள் வந்தார்கள். இங்கே தலைகீழ்.

அந்தச் சிறுமியின் கை கால்கள் மீளவில்லை, கடைசிவரை செயற்கை மூச்சும் தேவைப்பட்டது. ஆனாலும் வளர்ந்து பெரியவளாகி, 1971-ல்தான் இறந்தாள்.