கிளாலியைக் கடந்த மூடியில்லா இயந்திரங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் யுத்தகால வரலாற்றை எழுதுவோர் படை நடவடிக்கைகளின் பெயர்களையும் முகாம்களின் பெயர்களையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். மக்களைக் கரைசேர்த்த இயந்திரங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. 1992 ஆம், 1993 ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழக மாணவனாகக் கிளாலிக் கடல்நீரேரியைப் பலமுறை கடந்தவன் என்ற முறையில், நான் அங்கு கண்ட வெளியிணைப்பு இயந்திரங்களில் பலவற்றுக்குப் பொதுவாக இருந்த ஒரு குறையைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். காற்றை உள்ளெடுக்கும் வாயின் மூடி அவற்றில் இருக்கவில்லை.

படகின் பின்புறத்தில் கொளுவக்கூடிய இயந்திரத்தை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஓலே எவின்றூட். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1909 ஆம் ஆண்டு அவர் செய்த இயந்திரம் வெறும் 1.5 குதிரைவலு கொண்டது. பின்னர் யப்பானிய நிறுவனங்களும் இத்துறைக்குள் வந்தன. யமஹாவின் முதலாவது வெளியிணைப்பு இயந்திரம் வெளிவந்தது 1960 ஆம் ஆண்டில். மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய மாதிரிகள் வந்த பின்னரே எமது கடற்றொழிலாளருக்கு இவை கட்டுப்படியாகின. 1960களின் பிற்பகுதியில் ஆர்னே பியோர்ட்டொவ்ற் என்ற நோர்வேக்காரரின் முயற்சியால் உருவான சீ-நோர் நிறுவனம் காரைநகரில் படகுகளைக் கட்டத் தொடங்கியது. எவின்றூட்டின் நாட்டுக்கும் எமது கரைக்கும் இப்படியும் ஓர் உறவு அமைந்தது தற்செயல்தான்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. உதிரிப்பாகங்களைப் பெறுவது பெரும்பாடாயிற்று. பழுதடைந்த இயந்திரம் ஒன்றின் உறுப்புகள் மூன்று இயந்திரங்களுக்குப் பிரிந்து சென்ற காலம் அது.

மண்ணெண்ணெயின் குணம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அது பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. சூடேறிய இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த இயந்திரம் அதில் உயிர் பெறாது. எனவேதான் இத்தகைய இயந்திரங்களைப் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால் காபரேற்றரில் அடுத்த தடவைக்கான பெற்றோல் நிற்கும். பெற்றோலே அருந்தலான பின்னர் இந்த ஒழுங்கு எப்படிச் சாத்தியம்? தொழிலாளர் கண்ட வழி எளிமையானது. காபரேற்றரின் முன்னால் இருக்கும் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டனர். திறந்த வாய்க்குள் சிறு பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைத் தெளித்துக் கயிற்றை இழுத்தனர். குடாநாட்டின் வீதிகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் இதே வித்தையில்தான் ஓடின.

காற்றை நெரிக்கும் தகடும் பல இயந்திரங்களில் இல்லை. உப்புக் காற்றில் அதன் அச்சு துருப்பிடித்து, தகடு கழன்று உள்ளே விழுந்தால் இயந்திரம் பாழ். அது கழன்று விழுமுன்னர் தாமாகவே அகற்றிவிடுவதைப் புத்தியென்று கருதினார்கள். அதன் வேலையை ஓட்டியின் உள்ளங்கை செய்தது. ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையால் கயிற்றை இழுத்து, இயந்திரம் இருமியதும் கையை மெல்ல எடுக்கவேண்டும். எவ்வளவு நேரம் பொத்துவது என்பதை எந்தக் கைநூலும் கற்றுத்தருவதில்லை. சில வேளைகளில் வாயிலிருந்து தீ திருப்பி அடிக்கும். தழும்பு விழுந்த உள்ளங்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு இயந்திரம் கொடுத்த விலை சிறிதல்ல. அந்தப் பெட்டி ஓசையை அடக்குவதற்கு மட்டும் உள்ளதன்று. அதனூடாக வரும் காற்றின் அளவுக்கு ஏற்பவே எரிபொருள் துவாரம் அமைக்கப்பட்டிருக்கும். பெட்டி இல்லாதபோது காற்று மிகுந்து கலவை மெலிகிறது. இருவீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெயும் எரிபொருளோடு கலந்தே உள்ளே போவதால், கலவை மெலிந்தால் மசகும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிப்போகும். தெறிக்கும் உப்புநீரும் நேரே உள்ளே செல்லும். பால்மா ரின்னை வெட்டி, அடியில் துளையிட்டு, வாயின் முன் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். நீர் தெறிப்பதை அது ஓரளவு தடுத்தது. துளைகளைக் கூட்டிக் குறைத்துக் காற்றையும் அவர் சரிப்படுத்தினார். பொறியியல் படித்தவர் அல்லர் அவர். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர்.

இவையெல்லாம் ஒரு தொழிலின் நுட்பங்கள் என்றால் இங்கு எழுதவேண்டிய அவசியமில்லை. கிளாலியில் நிலைமை வேறு. ஆனையிறவுப் பாதை அடைபட்டு, பூநகரியிலும் 1991 இல் இராணுவம் நிலைகொண்ட பின்னர், குடாநாட்டு மக்களுக்கு வெளியே செல்ல இருந்த வழி இந்தக் கடல்நீரேரி. நாகதேவன்துறையில் கடற்படை இருந்தது. பயணம் இரவில். இயந்திரம் பூட்டிய ஒரு படகு முன்னே செல்ல, இயந்திரமில்லாத படகுகள் கயிற்றில் கோர்க்கப்பட்டுப் பின்னே செல்லும். நோயாளர், கர்ப்பிணிகள், பரீட்சைக்குப் போகும் மாணவர், கொழும்புக்குப் போய் வெளிநாடு செல்லவிருந்த இளைஞர் என்று எல்லோரும் அந்த ஒரு கயிற்றில். 1993 ஜனவரி 2 ஆம் திகதி இந்தக் கடலில் கடற்படையினரின் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் பயணம் நிற்கவில்லை; நிறுத்த வழியும் இருக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் இறுதியில் இராணுவம் 'யாழ்தேவி' நடவடிக்கையில் கிளாலிவரை வந்து படகுகளை அழித்துத் திரும்பியது.

முன்படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் பின்னால் வரும் படகுகள் ஒன்றோடொன்று மோதும். கோர்வை காற்றோடு இழுபடும். சூடு ஆறுவதற்குள் அதை மீண்டும் இயக்கவேண்டும். விளக்குப் பிடிக்க முடியாது. ஓட்டி இருளில் விரலால் தடவிக் காபரேற்றரின் வாயைக் கண்டுபிடிக்கிறார். மடியிலிருந்த போத்தலை எடுத்துத் தெளிக்கிறார். கையால் பொத்தி இழுக்கிறார். பெட்டியும் திருகாணிகளும் இருந்திருந்தால் அந்த இருளில் அவற்றைக் கழற்றிக்கொண்டிருக்க நேரம் ஏது? ஒருமுறை எங்கள் கோர்வை அப்படி நின்றபோது எவரும் பேசவில்லை. பச்சைக் குழந்தையொன்றின் வாயைத் தாய் பொத்தியிருந்தாள். ஆறாவதோ ஏழாவதோ இழுப்பில் இயந்திரம் பிடித்தது. மூடியில்லாத இயந்திரம் போடும் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அஞ்சியபடி, அதைக் கேட்டு மகிழவும் செய்தோம்.

1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, அவர்களிற் பெருந்தொகையினரை வன்னிக்கு ஏற்றிச் சென்றவையும் இத்தகைய படகுகளே. 1996 ஏப்ரலில் கிளாலி இராணுவத்திடம் வீழ்ந்ததோடு அந்தப் பாதை முடிவுக்கு வந்தது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது, வடக்கின் கரைகளில் பல படகுகள் கடலுக்கு இறங்கவில்லை. அந்நாட்களில் பழைய ஓட்டி ஒருவரைச் சந்தித்தேன். யுத்தத்துக்குப் பின் அவர் வாங்கிய இயந்திரத்தின் காற்றுப் பெட்டி வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்கியது. உப்புநீர் போய் இயந்திரம் கெட்டுவிடும் என்று மகன் ஒவ்வொரு முறையும் அதைப் பூட்டிவிடுகிறானாம். கடலுக்குப் போகும் நாட்களில் தான் கழற்றிவிட்டே போவதாகச் சொன்னார்.