பயிற்சி அறுவை மருத்துவர் சங்கம்: தலைமை வரலாறு

பயிற்சி அறுவை மருத்துவர் சங்கம், ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்துக் குடியரசிலும் அறுவை மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறும் மருத்துவர்களின் தொழில்சார் அமைப்பு. இது 1976இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘அசோசியேஷன் ஆஃப் சர்ஜன்ஸ் இன் டிரெயினிங்’; முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏசிட்’ என்பார்கள். பதிவுபெற்ற அறநிறுவனமான இதன் முகவரி, லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள இங்கிலாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரிக் கட்டடம். ஆனால் இது அந்தக் கல்லூரிக்கோ என்.எச்.எஸ். என்னும் தேசிய சுகாதார சேவைக்கோ கட்டுப்பட்டதல்ல. பயிற்சியில் இருப்பவர்களே இதை நடத்துகிறார்கள். தலைவர் பதவி ஆண்டுதோறும் கைமாறுகிறது. இந்தச் சங்கத்தின் தலைமை வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஓராண்டுக் கணக்கே திறவுகோல்.

தலைமை அமைப்பு

சங்கத்தை ஒரு பேரவை வழிநடத்துகிறது. வட்டாரங்களுக்கும் அறுவை மருத்துவத்தின் சிறப்புத் துறைகளுக்கும் அதில் பிரதிநிதிகள் உண்டு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலியோர் நிர்வாகக் குழுவாக இயங்குகிறார்கள். பதவிக்காலம் முடிந்த தலைவர் உடனே விலகிவிடுவதில்லை. ‘முந்தைய தலைவர்’ என்ற பொறுப்பில் குழுவில் நீடிக்கிறார்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் பயிற்சியின் இயல்பிலேயே இருக்கிறது. மருத்துவப் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதன்பின் சுமார் 8 ஆண்டு அறுவைப் பயிற்சி என்பது பிரிட்டனில் வழக்கமான பாதை. அதற்குள் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற வேண்டும். தேர்வுகள் எழுத வேண்டும். செய்த அறுவைகளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பயிற்சி நிறைவுச் சான்றிதழ் பெற்றவர் ‘கன்சல்டன்ட்’ எனப்படும் மூத்த நிபுணர் பதவிக்குத் தகுதி பெறுகிறார். பயிற்சி மருத்துவர் என்ற நிலை அத்தோடு முடிகிறது. ஆகவே பத்தாண்டுகள் தொடர்ந்து கோலோச்சும் தலைவர் இங்கே உருவாக முடியாது. தலைவர் இரவுப் பணி முறை முடிந்து கூட்டத்துக்கு வருபவர். தான் பேசும் குறையைத் தானே அனுபவிப்பவர். இந்தத் தலைமையின் வலிமை அதுவே.

தோற்றப் பின்னணி

அறுவை மருத்துவக் கல்லூரிகள் மிகப் பழமையானவை. எடின்பரோக் கல்லூரியின் தொடக்கம் 1505, கிளாஸ்கோ 1599, அயர்லாந்து 1784, இங்கிலாந்துக் கல்லூரிக்கு அரச சாசனம் கிடைத்தது 1800இல். பயிற்சியின் விதிகளை வகுத்தவர்கள் மூத்தவர்கள். அந்த விதிகளின்படி வாழ்ந்தவர்கள் இளையவர்கள். 1975 இறுதியில் பிரிட்டனின் இளநிலை மருத்துவர்கள் புதிய பணி ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஏசிட் பிறந்தது. ஆனால் இது தொழிற்சங்கம் அல்ல. ஊதியப் பேச்சுவார்த்தை பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வேலை. பயிற்சியின் தரமே ஏசிட் தலைமையின் களம்.

பயிற்சிக் காலமும் வேலை நேரமும்

சங்கம் தொடங்கிய காலத்து முறையில் ரெஜிஸ்டிரார், சீனியர் ரெஜிஸ்டிரார் என்று படிப்படியாக ஏறி, கன்சல்டன்ட் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அரசின் தலைமை மருத்துவ அலுவலர் கென்னத் கால்மனின் 1993 அறிக்கையைத் தொடர்ந்து இவ்விரு படிகளும் ஒன்றாக்கப்பட்டன. பயிற்சிக்குக் காலவரையறை வந்தது. காத்திருப்பு குறைந்தது, கத்தி பிடிக்கும் நேரமும் குறைந்தது.

ஐரோப்பிய வேலை நேர விதி இந்தக் கவலையைக் கூர்மையாக்கியது. பயிற்சி மருத்துவர்களின் வார வேலை நேரத்துக்கு 2004இல் 58 மணி, 2007இல் 56 மணி, 2009இல் 48 மணி என வரம்பு படிப்படியாக இறங்கியது. முன்பு சுமார் 30,000 மணி நேரமாக இருந்த அறுவைப் பயிற்சி 8,000 மணி நேரமாகச் சுருங்கிவிட்டதாக 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை ஒன்று கணக்கிட்டது. களைத்த கைகள் நோயாளிக்கு ஆபத்து. பழகாத கைகளும் ஆபத்து. அடுத்தடுத்து வந்த ஏசிட் தலைவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, 48 மணி நேரம் அறுவைப் பயிற்சிக்குப் போதாது என்று வாதிட்டார்கள்.

2007 நெருக்கடி

வேலை நேரச் சிக்கல் தீரும் முன்பே, பயிற்சி இடங்களுக்கு நாடு முழுவதும் ஒரே இணையவழி விண்ணப்பம் என்ற திட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 30,000க்கும் அதிகம். இடங்களோ அதைவிடப் பல ஆயிரம் குறைவு. அனுபவத்தைச் சரியாக எடைபோடாத கேள்விகள், விண்ணப்பதாரர்களின் சொந்த விவரங்கள் வெளியே கசிந்த பாதுகாப்புக் குறைபாடு ஆகியவற்றால் அத்திட்டம் சரிந்தது. மார்ச் மாதம் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் மருத்துவர்கள் பேரணி நடத்தினர். பின்னர் பேராசிரியர் ஜான் டூக் தலைமையிலான விசாரணை, இத்திட்டத்தைக் கொண்டுவந்த பயிற்சிச் சீர்திருத்தத்தைக் கடுமையாக விமர்சித்தது. 2006இல் மாற்றப்பட்ட குடியேற்ற விதிகளால் இந்திய மருத்துவர்கள் பலரின் பயிற்சி வாய்ப்பு பறிபோகும் நிலை வந்ததும் இதே காலத்தில்தான். அவர்களுக்காக இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கில் 2008இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை சாதகமாகத் தீர்ப்பளித்தது.

2010களின் தலைவர்கள்

2013இல் பேராசிரியர் டேவிட் கிரீனவே அளித்த ‘ஷேப் ஆஃப் டிரெயினிங்’ அறிக்கை, பொதுத் திறன் மிகுந்த மருத்துவர்களை உருவாக்கப் பயிற்சியைத் திருத்தியமைக்கப் பரிந்துரைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஆண்ட்ரூ பீமிஷ், விமல் கோகானி, ரியானன் ஹாரிஸ், ஆடம் வில்லியம்ஸ், ஹெலன் மோகன் ஆகியோர் அடுத்தடுத்துத் தலைவர்களாக இருந்தனர். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்கும் மரபு இக்காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. அந்த அறிக்கை குறித்துச் சங்கம் வெளியிட்ட கூட்டுக் கருத்துரையில் இவர்கள் பலரின் பெயர்கள் சேர்ந்தே இடம்பெற்றன. தேர்வு, பயிற்சி வகுப்பு, மாநாடு ஆகியவற்றுக்குப் பயிற்சி மருத்துவர்கள் சொந்தப் பணத்தைச் செலவிடுவதையும் சங்கம் ஆய்வாகத் தொகுத்து முன்வைத்தது. 2016இல் சங்கம் 40 ஆண்டு நிறைவை லிவர்பூல் மாநாட்டில் கொண்டாடியது.

கொள்ளைநோய்க் காலம்

2020இல் கொரோனா பரவியபோது, முன்கூட்டித் திட்டமிட்ட அறுவைகள் தள்ளிவைக்கப்பட்டன; பயிற்சி மருத்துவர்கள் பலர் வேறு பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டனர். நோயாளிகள் தனியார் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டால் பயிற்சியும் அங்கே தொடர வேண்டும் என்பது சங்கத்தின் அப்போதைய முக்கியக் கோரிக்கை. இழந்த பயிற்சியை மீட்பதே அடுத்தடுத்த தலைவர்களின் முதற்பணியாயிற்று.

தோழமை அமைப்புகள்

எலும்பு அறுவைப் பயிற்சி மருத்துவர்களுக்கு ‘போட்டா’, குடல் அறுவைக்கு டியூக்ஸ் கிளப், இரத்தக்குழாய் அறுவைக்கு ரூலோ கிளப், மார்பக அறுவைக்கு மேமரி ஃபோல்ட் எனத் துறைவாரியான அமைப்புகளும் உண்டு. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான குரலாக ஏசிட் நிற்கிறது.

மதிப்பீடு

ஓராண்டுத் தலைமைக்கு ஒரு விலை உண்டு: அரசு ஆணையம் அறிக்கை தருவதற்குள் சங்கத்தில் தலைவர் மாறியிருப்பார். அந்த இடைவெளியை எழுத்தால் நிரப்பினார்கள். கருத்துக்கணிப்பு, கருத்துரை, ஆய்வுக்கட்டுரை என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவுக்குச் சான்றுகளை விட்டுச்சென்றது. சிறந்த பயிற்றுநரைத் தேர்ந்து சங்கம் வழங்கும் ‘சில்வர் ஸ்கால்பெல்’ விருது இந்தத் தொடர்ச்சியின் மற்றொரு முகம். நேற்றுத் தலைவராக இருந்தவர் கன்சல்டன்ட் ஆனதும் பயிற்றுவிக்கும் பக்கத்துக்கு வந்துவிடுகிறார். அன்று அவர் கேட்ட பயிற்சியை இன்று அவர் தருகிறாரா என்று இளையவர்கள் எடைபோடுவார்கள்.